பழுது பார்க்க ஆள் உண்டா? காரமடை முதல் தாளவாடி வரை

கோவை மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்திலிருந்து காலையில் வடக்கே கிளம்பும் பஸ்களில் ஆசிரியர் கூட்டம் அதிகம். வீடு கோவையில், பள்ளிக்கூடம் காரமடை, சிறுமுகைப் பக்கத்துக் கிராமங்களில். மடியில் சாப்பாட்டுப் பை, கையில் போன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் கவுண்டம்பாளையம் தாண்டியதும் போனைத் திறந்து எதையோ நிரப்ப ஆரம்பித்தார்.

"எமிஸுங்க. ஸ்கூலுக்குள்ள டவர் கிடைக்காது. அதான் போற வழியிலயே முடிச்சுப் போடறது" என்றார். பிள்ளைகளின் வருகை, மதிப்பெண், இலவசப் பொருள்கள் என்று பள்ளியின் கணக்கெல்லாம் இன்று எமிஸ் என்ற கல்வித் துறைச் செயலிக்குள் போக வேண்டியிருக்கிறது. துடியலூர் வரும் வரை அவர் தலை நிமிரவில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்து இறங்கிய கருவிகளுக்குக் குறைவில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. 2018இல் பாடநூல்கள் மாறியபோது பாடத்தோடு க்யூ.ஆர். கோடு வந்தது. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி வந்தது. அப்போது முதலமைச்சர் எடப்பாடிக்காரர், பள்ளிக்கல்வி அமைச்சர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் என்பதால் கொங்குப் பக்கத்தில் அதைக் கொஞ்சம் உரிமையோடு பேசுவார்கள். 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப். 2023இல் பாட வீடியோக்களுக்கு மணற்கேணி செயலி. அதன் பின் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லெட்களும் என்று அறிவிப்பு. இவையெல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தில் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணம். காரமடையில் தொடங்கி, சத்தியமங்கலம் போய், திம்பம் ஏறி, தாளவாடி வரை.

முதலில் பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கினேன். நூற்பாலை இயந்திரம் செய்கிற ஊர். ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிற ஊரும் இதுதான். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930இல் தொடங்கிய வித்யாலயத்துக்கு 1934இல் காந்தி வந்து அடிக்கல் நாட்டினார். அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர். தாய்மொழியில் எல்லாத் துறை அறிவும் கிடைக்க வேண்டும் என்று தமிழ் வளர்ச்சிக் கழகத்தை அமைத்துக் கலைக்களஞ்சிய வேலையைத் தொடங்கிவைத்தவர். அதற்கு முதன்மை ஆசிரியராக அமைந்தவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்து, இந்த வித்யாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். 1954இல் முதல் தொகுதி, 1968இல் பத்தாவது தொகுதி. இன்று அந்தப் பத்தும் மின்வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொரு கோவைச் செய்தியும் இதோடு சேரும். 2010 ஜூனில் இங்கே செம்மொழி மாநாடு நடந்தபோது கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று சிதறிக் கிடந்த தமிழ்க் கணினிக்கு யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது அந்த நாள்களில்தான். இன்று ஒரு பாடச் செயலியில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகள் இருக்கின்றன. பாடம் தமிழில் உண்டா, கணினியில் ஏறுமா என்ற கேள்விகளுக்கு இந்த ஊர்க்காரர்கள் நெடுநாள் உழைத்துப் பதில் தேடிவிட்டார்கள். மிச்சம் இருக்கிற கேள்வி வேறு. அது காரமடையில் கிடைத்தது.

காரமடை அரங்கநாதர் கோயிலைத் தாண்டிக் கிழக்கே போனால் வாழையும் பாக்கும், ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலையும். ஒரு தோட்டத்தை ஒட்டி வேப்பமர நிழலில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளிதான். சுவரில் பெரிய திரை மாட்டிய ஸ்மார்ட் வகுப்பறையில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. விதைகள் எப்படிப் பரவுகின்றன என்ற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சு முளைத்த விதையொன்று காற்றில் மிதந்து வந்தபோது பின்வரிசைப் பையன் எழுந்து, "டீச்சர், எங்க தோட்டத்து வேலியில எருக்கங்காய் வெடிச்சா இப்படித்தான் பறக்கும்" என்றான்.

டீச்சர் வீடியோவை நிறுத்தினார். "எங்க, காட்டு பாக்கலாம், வாங்க சாமி" என்று வகுப்பையே வெளியே கூட்டிக்கொண்டு போனார். வேலி ஓரத்தில் எருக்கங்காய் உடைந்தது, பஞ்சு பறந்தது. ஒட்டுக்கா எல்லோரும் ஊதினார்கள். திரும்ப வந்து மீதி வீடியோவைப் பார்த்தபோது கேள்விகள் தானாக வந்தன. "தேங்காய் தண்ணியில மிதந்து போகுமா டீச்சர், அப்போ பவானி ஆத்துல போறது எந்த ஊர்ல முளைக்கும்?" வீடியோவை எங்கோ இருக்கும் யாரோ தயாரித்திருக்கிறார்கள். அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அந்த வகுப்பறைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியை ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். பேட்டரி செத்த மடிக்கணினி, பல்பு போன புரொஜெக்டர், ஒரு யு.பி.எஸ். "ஒவ்வொரு திட்டத்துலயும் ஒவ்வொண்ணு வந்துச்சுங்க. வாரண்டி இருக்கற வரைக்கும் போன் பண்ணுனா வருவாங்க. அது முடிஞ்சா யாரைக் கூப்பிடறதுன்னே தெரியாது. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறுன பொருள், தூக்கிப் போடவும் முடியாது" என்றார்.

சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒரு மானியம் உண்டு. முப்பது பிள்ளைகள் வரை இருந்தால் 10,000 ரூபாய். நூறு வரை 25,000. சாக்பீஸ் முதல் பதிவேடு, சில்லறை மராமத்து வரை அதற்குள்தான். பத்தில் ஒரு பங்கையாவது துப்புரவுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. சின்னப் பள்ளி ஒன்று நல்ல இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கினால் அந்த ஆண்டின் மானியம் அத்தோடு தீர்ந்தது. ஆக, திரை கெட்டால் கரும்பலகைக்குத் திரும்பிவிடுவதுதான் ஆசிரியருக்குத் தெரிந்த எளிய வழி.

காரமடையில் திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில், மோட்டார் காயில் கட்டும் கடை இருந்தது. வாசலில் சப்மெர்சிபிள் மோட்டார்கள் வரிசையாகப் படுத்திருந்தன. கடைக்காரர் செம்புக் கம்பியை விரலால் அளந்தபடியே பேசினார். பள்ளி அலமாரியைப் பற்றிச் சொன்னேன்.

"ஏனுங்க, நாலு கிணத்துக்கு ஒரு மெக்கானிக் இருக்கற ஊருங்க இது. போர்ல மோட்டார் நின்னு போச்சுன்னா பொழுதுக்குள்ள தூக்கிட்டு வந்து காயில் கட்டி இறக்கிப்போடுவோம். பயிர் காயுமில்லீங்களா! ஸ்கூல் மிஷின் நின்னா எது காயுதுன்னு யாருக்கும் கண்ணுக்குத் தெரியறதில்ல. அதான் அப்படியே கெடக்குது."

இந்தப் பயணத்தில் கேட்டவற்றில் அவர் சொன்னதுதான் என்னோடு கடைசி வரை வந்தது. கொங்கு மண்ணில் இயந்திரம் வேர் பிடித்த கதையை எடுத்துப் பார்த்தால் அவர் சொல்வதன் பொருள் விளங்கும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் மலையிறங்கி வந்தது, பஞ்சாலைகள் பெருகின, கிணறுகளில் மோட்டார் ஏறியது. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் செய்ததுதான் நாட்டிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று கோவையில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மோட்டாரைச் செய்தவர்களால் மட்டும் இந்தப் பூமி விளையவில்லை. லேத் பட்டறை, காயில் கடை, உதிரிபாகக் கடை என்று சந்தைக்குச் சந்தை ஆள் இருந்ததால்தான் குடியானவர் கடன் வாங்கி மோட்டார் வைக்கத் துணிந்தார். பள்ளிகளுக்கு இயந்திரம் மட்டும் வந்திருக்கிறது. பட்டறை இன்னும் வரவில்லை.

கைவசம் நல்ல உதாரணம் இல்லாமலும் இல்லை. இதே காரமடை ஒன்றியத்தில் இராமம்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றிப் பத்தாண்டுகளுக்கு முன்பே பத்திரிகைகள் எழுதின. சர்க்கார் ஸ்மார்ட் வகுப்பறைகளை அறிவிப்பதற்கு முன்பே அங்கிருந்த ஆசிரியர்கள் கைப்பணம் போட்டு, ஊர்க்காரர்களிடமும் திரட்டி, வகுப்பறைக்கு டைல்ஸ் பதித்துக் கணினிகள் வைத்தார்கள். தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பினார்கள். தன் பணம் போட்டவர் மின்விசிறி சத்தம் போட்டால்கூட நின்று கேட்பார். அங்கே கருவிக்குச் சொந்தக்காரர் இருந்தார் என்பதுதான் சூட்சுமம்.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, நீலகிரியின் அடிவாரத்தில் ஓடந்துறை. இந்த ஊராட்சி 2006இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில், பெரும்பங்கு வங்கிக் கடன் வாங்கி, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. காற்றாலை நிற்பது உடுமலைப் பக்கம் மைவாடியில். வருமானம் வருவது ஓடந்துறைக்கு. ஊராட்சியின் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆள்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்க வந்தவர்கள் காற்றாலையைப் பார்த்தார்கள். நான் வங்கிக் கடனைப் பார்க்கிறேன். தவணை கட்ட வேண்டியவருக்கு இறக்கை நின்றால் தூக்கம் வராது.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, பட்டு நெசவுக்குப் பேர்போன சிறுமுகையைக் கடந்து சத்தியமங்கலம். அங்கிருந்து பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினால் திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு போனில் கோடுகள் குறைந்துகொண்டே வந்து, உச்சியில் ஒன்றுமில்லாமல் போயிற்று. கோவிட் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பாறை மேலும் மரத்தின் மேலும் ஏறி உட்கார்ந்த மலைக் கிராமப் பிள்ளைகளின் படங்கள் நினைவுக்கு வந்தன.

தாளவாடி ஈரோடு மாவட்டத்தின் வடக்கு ஓரம். 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் தாலுக்கா மைசூரோடு போனது; தாளவாடி தமிழ்நாட்டில் தங்கிவிட்டது. கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊரான காஜனூர் இங்கேதான் இருக்கிறது. கடைத்தெருவில் கன்னடமும் தமிழும் கலந்து புரள்கின்றன. காட்டை ஒட்டிய ஊர்களில் ஊராளிகளும் சோளகர்களும் வீட்டில் பேசுவது இந்த இரண்டுக்கும் சற்றுத் தள்ளிய பேச்சு.

அப்படி ஓர் ஊரின் பள்ளிக்குப் போனேன். அங்கே இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது. இளவயது ஆசிரியர் ஒருவர் வாரக் கடைசியில் சத்திக்கு இறங்கும்போது பாட வீடியோக்களை இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவருகிறார். "கரண்ட் இருக்கற நேரத்துல மடிக்கணினியில சார்ஜ் ஏத்தி வச்சுக்குவனுங்க. மழைக்காலத்துல இடி விழுந்தா எல்லா ஒயரையும் கழட்டி வச்சுருவோம்" என்றார். அவருக்கு அதைவிடப் பெரிய சிக்கல், திரையில் வரும் தமிழ்.

ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். சென்னை ஸ்டுடியோவில் எடுத்தது. குரல் தெளிவு, படம் அழகு. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சிறுமி கண் கொட்டாமல் பார்த்தாள். முடிந்ததும் என்ன புரிந்தது என்று கேட்டால் சிரித்தாள். ஆசிரியர் சத்தத்தை அணைத்துவிட்டு அதே படத்தை மறுபடி ஓட்டி, பிள்ளைகளின் பேச்சிலேயே தான் விளக்கம் சொன்னார். அரைகுறையாகத்தான் அவருக்கும் அந்தப் பேச்சு வருகிறது. தப்பாகச் சொன்னால் பிள்ளைகள் திருத்துகிறார்கள். அப்போதுதான் அந்தச் சிறுமி வாயைத் திறந்தாள். திறந்த பிறகு மூடவே இல்லை.

ஆசிரியர் என்னிடம் ஒரு யோசனை சொன்னார். சத்தமில்லாத படத்தை மட்டும் கொடுத்து, உள்ளூர் ஆசிரியர்களும் படித்த மலைவாழ் இளைஞர்களும் குரல் பதிவு செய்ய வசதி செய்யலாம். அதற்கு ஒரு மைக்கும் அமைதியான அறையும் போதும். இதைக் கேட்க மேலே யாரும் இல்லை என்பதுதான் அவருடைய வெசனம்.

திரும்பி இறங்கும் வழியில் தூர தேசத்துக் கதை ஒன்றை நினைத்துக்கொண்டேன். பெரு நாடு ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி என்று லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் வெளியான அறிக்கை, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை என்றது. மடிக்கணினி பிள்ளையிடம் இருந்தது. அதை வைத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்ற ஏற்பாடு ஆசிரியரிடம் இல்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது வேறு முடிவு கிடைத்தது. எட்டாவது படிக்கும் பிள்ளை ஐந்தாவது கணக்கில் தடுமாறினால் அந்த இடத்திலிருந்தே அது தொடங்கும். நாலரை மாதத்தில் மதிப்பெண் கணிசமாக உயர்ந்தது. அங்கேயும் பள்ளி முடிந்த பின் தனி மையம், கூட உட்கார ஆள் என்று ஏற்பாடு இருந்தது.

நம்மூர்க் கதை இன்னும் தெளிவானது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2021 அக்டோபரில் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கிற்று. தெருவுக்குத் தெரு தன்னார்வலர். பெரும்பாலும் படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். மாலையில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். அவர்களிடம் இருந்த பெரிய தொழில்நுட்பம் சொந்தப் போன்தான். முரளிதரன் உள்ளிட்டவர்கள் நடத்திய ஆய்வின்படி, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது; மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால். மலையில் பென்டிரைவ் சுமக்கும் ஆசிரியரும் அந்தத் தெருவோரத் தன்னார்வலர்களும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். பொருளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

ஆகவே கோவை வந்து சேர்ந்தபோது என் மனத்தில் இருந்தது இன்னும் நல்ல திரை வேண்டும் என்ற விருப்பமல்ல. கொங்கு மாவட்டங்களில் பாலிடெக்னிக்குகளுக்கும் ஐ.டி.ஐ.களுக்கும் பஞ்சமில்லை. ஒவ்வோர் ஒன்றியத்திலும் வட்டார வள மையத்தை ஒட்டி ஒரு பழுதுபார்க்கும் பட்டறை வைக்கலாம். இறுதியாண்டு மாணவர்களுக்கு அங்கே பயிற்சி, பள்ளிகளுக்கு உடனடி உதவி. அலமாரியில் தூங்குகிற இரண்டு மடிக்கணினிகளைக் கழற்றிச் சேர்த்தால் ஓடுகிற ஒன்று கிடைக்கும். அதற்குப் பதிவேடு இடம் கொடுக்க வேண்டும். பெற்றோரும் முன்னாள் மாணவர்களும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவின் கையில் மராமத்துக்கென்று தனிப் பணம் இருக்க வேண்டும். செயலியில் கணக்கு ஏற்றும் வேலையை ஆசிரியர் தலையிலிருந்து குறைத்தால், வீடியோவை எங்கே நிறுத்தலாம் என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கும். மலைப் பள்ளிகளுக்குச் சத்தமில்லாப் படமும் ஒரு மைக்கும் அனுப்பலாம்.

இவை எதற்கும் பெரிய திறப்பு விழா நடத்த முடியாது. பட்டறையில் ரிப்பன் வெட்டும் படம் எடுபடாது. இனி வரும் அரசாணை எத்தனை ஆயிரம் கருவிகள் என்று தொடங்கிவிட்டுப் போகட்டும். அதன் இரண்டாவது பத்தியில், பழுதானால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார், யார் பணத்தில் வருவார் என்ற மூன்றுக்கும் பதில் எழுதியிருந்தால் போதும். காரமடைக் கடைக்காரர் தன் ஊர்க் கிணறுகளுக்கு அந்த மூன்றையும் எப்போதோ சொல்லிவிட்டார்.